வடக்குப் பக்கத்து ஜன்னல்கள்

அந்தப் படத்தை நான் ஏன் வரைந்தேன்?

ஃபாதர் என்னிடம் கேட்டது பத்துப் பக்கக் கட்டுரை. என்னிடம் மனம்விட்டுப் பேசிய பெண்கள் அதுகூடக் கேட்கவில்லை. சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும் என்றார்கள். படம் வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோயிலின் நான்கு சுவர்களைப் போட்டேன். வடக்குச் சுவரில் ஆறு ஜன்னல்களைக் குறித்தேன். அவற்றுக்கு வெளியே சிவப்புப் பேனாவால் ஒன்பது சிறு வட்டங்கள் வரைந்தேன். மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் அசைந்ததில் ஒரு வட்டம் கோணலாகிவிட்டது. அதன் மேல் வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதி, மறுபடி சரியாகப் போட்டேன். அவ்வளவு அக்கறை.

கோயில் என்றால் எங்கள் பழைய மாதா கோயில். காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆட்டோவில் ஏறினால் எங்களுடையதைத் தவிர எல்லாவற்றின் பெயரையும் சொல்லிக் கேட்பார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்கள் முடிந்து எங்கள் தெரு தொடங்கும் முனையில் அது இருக்கிறது. நீளமான ஒற்றைக் கூடம், ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. என் கணவரின் பாட்டன் காலத்தில் இந்தத் தெருக்காரர்கள் பிறர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். இன்று ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் ஆட்டோ, பல வீடுகளின் வாசலில் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ். ஒரே வீட்டில் அண்ணன் மாதா படத்துக்கும் தம்பி அம்மன் படத்துக்கும் பூப் போடுவதும் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் பிரதான சாலையில் பெரிதாகப் புதுக் கோயில் கட்டினார்கள். பழையது பூட்டிக் கிடந்தது. அதை அடுத்த தெரு நெசவாளர்கள் கேட்டு வந்தார்கள். பாவு என்பது சேலையின் நீள இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒட்டிய இழைகளைப் பிரித்து, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். விடிந்ததும் தெருவிலேயே செய்வார்கள். ஐப்பசி மழையில் அது நடக்காது. தூண் இல்லாத நீளக் கூடம் அவர்களுக்கு வரம். பீடம் இருந்த இடத்திலிருந்து தலைவாசல்வரை அளந்து பார்த்தார்கள். ஒரு பாவு கச்சிதமாக நின்றது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையும் ஒப்புக்கொண்டது. என் கணவர் பேரவையின் செயலாளர். எனக்கும் சந்தோஷம்தான். வௌவால் குடியிருப்பதைவிட மனிதர்கள் வேலை செய்வது நல்லதல்லவா என்று நானே பலரிடம் சொன்னேன். இதை எழுதுவது நேர்மைக்காக. நான் அந்த மாற்றத்தை எதிர்த்தவள் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை நிறுத்தினார். இளைஞர், வேறு மாவட்டத்திலிருந்து போன வருடம்தான் மாற்றலாகி வந்தவர்.

"நீங்கதானே எம்.ஏ. ஹிஸ்டரி? பழைய ஆலயத்தோட வரலாற எழுதிக் குடுங்களேன். நெசவுக் கூடம் திறக்கிற அன்னிக்குச் சின்னப் புத்தகமா போட்டுடலாம்."

மகள் பிறந்து பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினைந்து மாதங்களில் பால், ஜுரம், எடை தவிர வேறு எதைப் பற்றியும் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கல்லூரியில் வாங்கி எழுதாமல் வைத்திருந்த நீல அட்டை நோட்டைத் தேடி எடுத்தேன்.

முதல் இரண்டு வாரம் பதிவேடுகளைப் படித்தேன். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று மூன்று வகைப் பதிவேடுகள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் கை பக்கங்களைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொண்டு, குறிப்பெடுத்தேன். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: எங்கே இறப்புக் கணக்கைப் பார்த்தாலும் குழந்தைகளைத்தான் முதலில் தேடுவேன். தேடினேன். ஒரு வயதில் இறந்தவர்கள் இருந்தார்கள், மூன்று மாதத்தில் இறந்தவர்கள் இருந்தார்கள். பிறந்த முதல் வாரத்தில் இறந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில், இந்தத் தெருவில், ஒன்றுகூடவா இல்லை? நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று மூன்று முறை புரட்டினேன்.

அப்போதுதான் எனக்கு மூன்றாவது ஜன்னல் ஞாபகம் வந்தது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, பழைய கோயிலில் பெண்கள் பக்கம், அதாவது வடக்குப் பக்கம், மூன்றாவது ஜன்னல் அருகே காற்று வருகிறதே என்று உட்கார்ந்தேன். கோயிலைப் பெருக்கும் பெரியம்மா வந்து என் தோளைத் தட்டினார்.

"எழுந்து அப்பால போம்மா. இது என் எடம்."

நான் விழித்தேன். பின்னால் இருந்த ஒருத்தி சிரித்தாள். "புதுப் பொண்ணே, அவ அந்த எடத்துக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கா. நீ இன்னாத்துக்கு வம்பு, இப்படி வா."

எழுந்து போனேன். அழுகை வந்தது. பிறகுதான் கவனித்தேன், வடக்கு ஜன்னல்களின் அருகே சில பெண்கள் எப்போதும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். பிந்தி வந்தாலும் மற்றவர்கள் விலகி இடம் கொடுத்தார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனபின், இவர்கள் மட்டும் கோயிலுக்குள் வந்து ஜன்னல் விளிம்பில் ஒன்றை ஏற்றிவைத்தார்கள். ஏதோ பழைய வீம்பு என்று நினைத்திருந்தேன்.

கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை போனேன். பெரியம்மா பெருக்க ஒன்றுமில்லாத தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, பொறந்த உடனே போன புள்ளைங்கள அந்தக் காலத்துல எங்க வச்சாங்க?"

துடைப்பம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மகளைப் பார்த்தார்.

"உனக்கு இதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கலல்ல?"

தலையசைத்தேன். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசி வருடங்கள் ஆகியிருந்தன.

"எத்தினி மாசம்?"

"நாலு."

"பேர் வச்சிருந்தியா?"

"மனசுல."

"நானும் மனசுலதான்," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

வடக்குப் பக்கம் வெளியே கூட்டிப்போனார். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு மண். அரளிச் செடிகள், உடைந்த ஓடுகள்.

"ஞானஸ்நானத் தண்ணி ஊத்தாம போன புள்ளைக்குக் கல்லறைல எடம் இல்லன்னுட்டாரு அப்ப இருந்த சாமியாரு. அது மோட்சத்துக்கும் போவாதாம், நரகத்துக்கும் போவாதாம். நடுவுல நின்னுக்கினு இருக்குமாம். சரி, நடுவுல நிக்கிற புள்ளய யாராண்ட உடுறது? அப்ப இருந்த கோயில்பிள்ளை நல்ல மனுசன். காத்தால மணி அடிக்கிறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துக் கதவத் தெறந்து வச்சுட்டு, தெரியாத மாதிரி உள்ள பூடுவாரு. எங்க வூட்டுக்காரரு துணில சுத்தித் தூக்கியாந்தாரு. நான் பச்ச ஒடம்புக்காரி, வரக்கூடாது. எங்க வச்சன்னு கேட்டேன். மூணாவது ஜன்னலுக்கு நேரா, சுவத்துல இருந்து ரெண்டு முழம்னாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். நாப்பது நாள் கழிச்சு கோயிலுக்கு வந்தேன். மூணாவது ஜன்னலாண்ட ஒக்காந்தேன். அப்பால எழுந்திருக்கல."

புதுக் கோயில் கட்டும்வரை, ஞாயிறு தவறாமல், அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

மறு வாரம் ஒரு மதியம் மற்றவர்களையும் அவரே கூட்டி வந்தார். உயிரோடு இருக்கும் தாய்மார்கள் ஐந்து பேர். இல்லாதவர்களுக்காகவும் அவர்கள் சொன்னார்கள். காலியான கூடத்தில் அவரவர் ஜன்னலருகே உட்கார்ந்தார்கள். நான் நடுவில், போனில் பதிவை ஓடவிட்டு.

"ரெண்டாவது ஜன்னல் எனக்கும் இவளுக்கும் பாதிக்குப் பாதி," என்றார் ஒருவர். "எனக்கு அப்புறம் ஆறு மாசம் கழிச்சு இவ வந்தா."

"பாதியெல்லாம் இல்லம்மா. முக்கா ஜன்னல் இவ ஒடம்புக்கே போயிடும்."

"இவ பூசைல தூங்குவா. இவ புள்ள என் புள்ளயாண்ட வந்து பொலம்பும், எங்கம்மா கொறட்டை உடுறான்னு."

ஐந்து பேரும் சிரித்தார்கள். என் மகள் ஒவ்வொருவராகப் போய் முந்தானையைப் பிடித்து நின்றாள். யாரும் அவளைத் தூக்கவில்லை. தலையை மட்டும் தொட்டார்கள்.

நான்காவது ஜன்னலில் யாரும் உட்காரவில்லை. அது யாருடையது என்று கேட்டேன்.

"உன் மாமியாரோடது," என்றார் பெரியம்மா. "உன் வூட்டுக்காரனுக்கு மூத்தது. ஆம்பளப் புள்ள. வூட்ல யாரும் சொல்லலியா?"

நான் வருவதற்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். யார் சொல்லியிருக்க முடியும்?

கிளம்பும்போது பெரியம்மா சொன்னார்: "எழுதிக்கோ. நாங்க போயிட்டா யாருக்குத் தெரியப் போவுது. ஆனா சாமியாருக்குச் சொல்லாத. பேரவை ஆம்பளைங்களுக்கும் சொல்லாத. தெரிஞ்சா இன்னா செய்வாங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

"யாருக்கும் சொல்ல மாட்டேன் பெரிம்மா," என்றேன். இந்த வாக்கியத்தை நான் மாற்றி எழுத விரும்பவில்லை. அப்படித்தான் சொன்னேன்.

கோயிலின் வரலாறு நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஓடியது. இவர்கள் சொன்னதைப் பின்பக்கத்திலிருந்து எழுதினேன், இரண்டும் கலக்காமல் இருக்க. அதை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் அப்போது இல்லை. அந்தப் பின்பக்கத்தில்தான் படம். ஒருவேளை நான் படித்த படிப்பு என்னை அப்படிப் பழக்கியிருக்கலாம்: இடம் தெரியாத தகவல் பாதித் தகவல் என்று பேராசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை அது வெறும் பயமாகவும் இருக்கலாம். மகளின் தடுப்பூசி அட்டையை மூன்று நகல் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருப்பவள் நான். எழுதி வைத்தது தொலையாது என்று நம்புகிறவள்.

ஒரு ஞாயிறு மதியம் நோட்டைக் கணவரிடம் கொடுத்தேன்.

இதைப் பற்றி நான் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘யாருக்கும்’ என்பதில் கணவர் சேர்த்தியா? அவர் பேரவை ஆம்பிளைதான். ஆனால் அந்த நான்காவது ஜன்னலின் வட்டம் அவருடைய அண்ணன். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதே தெரியாத மனிதரிடம் அதை மறைத்து வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு போடுவது?

அவர் கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். நான்காவது ஜன்னலில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கண் கலங்கியது. "அம்மா ஒரு வார்த்த சொன்னதில்ல," என்றார். பிறகு, "நல்லா எழுதியிருக்க," என்றார். நான் மகளுக்குத் தண்ணீர் காய வைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நோட்டு மூடி மேசைமேல் இருந்தது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் எப்போதும் போனைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார்: "பாப்பாவுக்கு ஊசி பாக்கி இருக்குதுல்ல? இந்தப் புதன்கிழமையே போய்ப் போட்டுட்டு வந்துடு. தள்ளிப் போடாத." என் கவலையைப் பகிர்ந்துகொள்கிறார் என்று நெகிழ்ந்தேன். வழக்கமாக ஊசி நாளை நான்தான் நினைவுபடுத்துவேன். அவர் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார்.

புதன்கிழமை அரசு மருத்துவமனையில் கூட்டம். ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்காரச் சொன்னதற்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மதியத்துக்குச் சற்று முன் ஆட்டோவில் திரும்பினேன். மகள் சிணுங்கிக்கொண்டே தோளில் கிடந்தாள். தெருமுனையில் பழைய கோயில் வாசலில் நெசவாளர்களில் மூத்தவர் நின்றிருந்தார். பேரவையிடம் கூடத்தைக் கேட்டு வந்தவர் அவர்தான். நல்ல மனிதர், நான் குறிப்பெடுக்கப் போகும்போதெல்லாம் மகளுக்குச் சாயம் போன பட்டு நூல் கண்டு ஒன்றை விளையாடத் தருவார்.

"இன்னாமா, நீங்க எங்க போனீங்க? உங்க வூட்டுக்காரர்தான் முன்ன நின்னு எல்லாத்தையும் பாத்துக்கினாரு."

"எதண்ணா?"

அவர் வடக்குப் பக்கம் பார்த்தார். நான் போனேன்.

அரளிச் செடிகள் இல்லை. சுவரோரம் முழுதும் கடப்பாரையால் கொத்தி, மண்வெட்டியால் இழுத்து, சமமாக நிரவியிருந்தார்கள். ஏதோ கொட்டகைக்குத் தூண் நட வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு ஜன்னலுக்கு நேரேயும் மண் கொஞ்சம் கூடுதல் ஆழத்துக்கு எடுக்கப்பட்டிருந்தது. அளவு பார்க்காமலே தெரிந்தது. சுவரிலிருந்து இரண்டு முழம்.

நெசவாளர் பின்னாலேயே வந்தார். "எங்களுக்குத் தெரியாதும்மா. சாமியார் வந்து ஜெபம் பண்றாரு, வேலை ஆரம்பிக்கிறதுக்குப் பூசை போடுறாங்கன்னுதான் நெனச்சோம். அப்பால உங்க வூட்டுக்காரர் போன்ல ஒரு படத்த வச்சுக்கினு, இங்க இங்கன்னு காட்டுறாரு. வட்டம் வட்டமா போட்டிருந்தது. மண்ண ரெண்டு சாக்குல அள்ளிக் கல்லறைக்கு எடுத்துக்கினு போனாங்க. அப்பதான் ஒரு ஆள் சொன்னான், இன்னான்னு."

அவர் தென்பக்கம் கை காட்டினார்.

"கூடத்துல ஒரு பாவுதான் நிக்கும். ரெண்டாவது பாவுக்கு வெளிய ஒரு கொட்டா கேட்டோம். நாங்க கேட்டது தென்பக்கம்மா. அங்கதான் வெயில் நல்லா உழும், எங்களுக்கு அதான் வசதி. அங்க வண்டி நிறுத்தணும்னு இந்தப் பக்கம் குடுத்தாங்க. ஒத்த வார்த்த சொல்லியிருந்தா கொட்டாயே வேணாம்னு இருப்போம். எங்க வூட்லயும் அப்படிப் போனது உண்டு. பாலாத்தங்கரைல வச்சோம். அந்தப் பக்கம் போனா இன்னிக்கும் செருப்பக் கழட்டிட்டுத்தான் நடப்போம்."

அவர் காலைப் பார்த்தேன். வெறுங்காலாகத்தான் நின்றிருந்தார். நான்தான் செருப்போடு நின்றிருந்தேன்.

கணவர் சாப்பிட வந்தபோது மகளுக்கு ஜுரம் ஏறியிருந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டபடியே கேட்டேன்.

"கொட்டா வடக்குப் பக்கம் வருதுன்னு நோட்டப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"பேரவைல முடிவானதுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவங்ககிட்ட சொல்லியிருப்ப. அவங்க வந்து அந்த எடத்துல ஒக்காந்திருப்பாங்க. வேலை நின்னுருக்கும்."

"ஒக்காரட்டுமே."

"இங்க பாரு. என் அண்ணனும் அங்கதான் இருந்தான். செடி மறைவுல, திருட்டுத்தனமா பொதச்சு வச்சது. இப்ப கல்லறைத் தோட்டத்துல, மந்திரிச்ச மண்ணுல, ஃபாதரே ஜெபம் சொல்லி வச்சிருக்கோம். அந்தப் பொம்பளைங்க அந்தக் காலத்துல கேட்டது இதத்தானே?"

ஈரத்துணியைத் திருப்பிப் போட்டேன். கேட்டது அதைத்தான்.

"எது யாரோடதுன்னு பிரிச்சு வச்சீங்களா?"

"மண்ணுதான்மா இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே குழில."

"அப்ப அத்தையோட புள்ள எங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் படம் இருந்ததாலதான் இதாவது செய்ய முடிஞ்சுது. இல்லன்னா அப்படியே மேல சிமெண்ட் போட்டிருப்பாங்க."

என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைச் சுற்றியே வருகிறேன். சிமெண்ட் போட்டிருந்தால், அடியில் அவரவர் ஜன்னலுக்கு நேரே அவரவர் இருந்திருப்பார்கள். நான் வரைந்ததால் அது இல்லை. அல்லது நான் வரைந்ததால்தான் அவர்கள்மேல் தகரக் கொட்டகை இல்லை. எது சரி? அவர் மனிதரை ஏமாற்றுகிறவர் அல்லர். ஆறு வருடங்களில் என்னிடம் ஒரு பொய் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அந்தப் புதன்கிழமையும் அவர் பொய் சொல்லவில்லை. ஊசி பாக்கி இருந்தது உண்மைதான்.

மாலையில் மகளைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரிந்திருந்தது. மண் அள்ளிய ஆட்களில் ஒருவன் அவருடைய அக்கா மகன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"பெரிம்மா, எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான்…"

"உக்காரு. புள்ளைக்கு ஜுரமா?"

"ஊசி போட்டது."

"ம்." காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "நீ படம் போட்டன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் வாயால சொன்னேன். நீ கேட்டுக்கினன்னு நெனச்சேன். நீ எடத்தக் காட்டிட்ட."

"நான் காட்டல பெரிம்மா."

"உன் கைதானே போட்டது."

நான் அழுதேன். அவர் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"கல்லறைல வச்சிருக்குதாம். சாமியாரே வந்து சொல்லிட்டுப் போனாரு, நல்ல புள்ள. இனிமே நீங்க அங்க வந்து மெழுகுவத்தி ஏத்தலாம் பாட்டின்னாரு. எல்லாம் ஒரே குழியாமே. அங்க நான் எந்த ஜன்னலாண்ட ஒக்கார்றது?"

பிறகு நோட்டைக் கேட்டார். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. புரட்டினார், படம் இருந்த பக்கத்தில் நின்றார். ஜன்னல்களை விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதற்கு வெளியே இருந்த வட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். என் கணவர் செய்தது போலவே. அப்புறம் வெந்நீர் அடுப்பில் நோட்டை வைத்தார். அட்டை எரிய நேரமானது. முன்பக்கத்து வரலாறும் அதோடு போயிற்று. நான் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதுக் கோயிலில் பெஞ்சு வரிசையில் அவர் தனியாக இருந்தார். புதுக் கோயிலில் ஜன்னல்களெல்லாம் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், வண்ணக் கண்ணாடி போட்டவை. பழைய ஜன்னலோரப் பெண்கள் இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். நான் போய் அவர் அருகே உட்கார்ந்தேன். அவர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார். கோபமாகப் போகவில்லை, வெயில் பட்டால் நகர்வது போல நகர்ந்தார். என் மகள் அவரைப் பார்த்துக் கை நீட்டினாள்.

நெசவுக் கூடம் திறந்தாகிவிட்டது. இந்த ஐப்பசியில் மழை பெய்தபோது கூடத்துக்குள் ஒரு சிவப்புப் பாவு பீடத்திலிருந்து வாசல்வரை நின்றது; கதவு வழியே பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வடக்குக் கொட்டகையில் மட்டும் இதுவரை யாரும் பாவு கட்டவில்லை. மூத்த நெசவாளர் காரணம் எதுவும் சொல்லவில்லையாம். பேரவையில் அதைக் கேலி பேசுகிறார்கள் என்று கணவர் சொன்னார். கணவரும் நானும் பேசிக்கொள்கிறோம். கறி, ஜுரம், பஸ் நேரம் என்று தேவையானதெல்லாம் பேசுகிறோம். என் போனை இப்போது பூட்டி வைக்கிறேன். அதை அவர் கவனித்தார், கேட்கவில்லை.

புத்தகம் இனி இல்லை. ஃபாதர் ஒரே ஒரு பக்கம் கேட்கிறார், கூடத்தின் வாசலில் பலகையாக மாட்ட. என் கணவர் ஒரு வரைவு எழுதி மேசையில் வைத்திருக்கிறார். அதில் ஒரு வரி: "வடக்கே காலியாக இருந்த இடத்தில் கொட்டகை அமைக்கப்பட்டது." அதன் கீழே என் பெயர் வர வேண்டுமாம். நான்தானே எம்.ஏ. ஹிஸ்டரி.

அந்த வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதலாம். ஐந்து பெண்களில் நான்கு பேர் வேண்டாம் என்கிறார்கள். "எங்கள எழுதாதம்மா, ஒரு தடவ எழுதினது போதும்." பெரியம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, கேட்டபோது கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்துக்குப் பெயர் கொடுக்கலாம். எதுவுமே எழுதாமல் விலகலாம். அப்போது கணவரின் வரி அப்படியே பலகையில் ஏறும். காலியாக இருந்த இடம் என்று இனி வருகிற எல்லோரும் படிப்பார்கள். என் மகளும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

ஐந்து பேரின் குரலும் இன்னும் என் போனில் இருக்கிறது. நோட்டைக் கொடுத்தபோது அதை நான் சொல்லவில்லை. ஒருவேளை அதையும் கொடுத்திருக்க வேண்டும். இதை உங்களுக்கு எழுதுவதே அதே தவறை இரண்டாம் முறை செய்வதாகவும் இருக்கலாம். பெயர்களை எழுதவில்லை. ஜன்னல்களின் எண்ணிக்கையையும் மாற்றியிருக்கிறேன், வட்டங்களின் எண்ணிக்கையையும்.

பலகை எழுதுபவர் அடுத்த வாரம் வருகிறார். உங்களில் யாரேனும் ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்ற முடியாமல் போனவராக இருந்தால், அல்லது நம்பிச் சொல்லிவிட்டு இழந்தவராக இருந்தால், எனக்கு எழுதுங்கள். அந்த வரிக்கு நான் என்ன செய்வது? அந்தக் குரல்களை நான் யாரிடம் கொடுப்பது, அல்லது அழித்துவிடுவதா? பெரியம்மாவின் கதவை இன்னொரு முறை தட்டலாமா, தட்டாமல் இருப்பதுதான் மரியாதையா?